ஏழாம் எண் சட்டை, ஒன்பதாம் எண் வேலை: ராப் பர்ரோவின் ஆட்ட வாழ்க்கை

இங்கிலாந்து ரக்பி லீக் ஆட்டக்காரர் ராப் பர்ரோவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் உயரத்தைத்தான் சொல்வார்கள். 5 அடி 5 அங்குலம், ஏறத்தாழ 70 கிலோ. எதிரே ஓடிவரும் ப்ராப், அதாவது முன்வரிசைக் கனத்த ஆட்டக்காரர், 110 கிலோ இருப்பார். "ஆள் சின்னது, மனசு பெரிசு" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவது பத்திரிகை வழக்கம். மனசு பெரிதாக இருந்தால் ஒரு பருவம் தாங்கலாம், இரண்டு தாங்கலாம். 2001 முதல் 2017 வரை 17 பருவங்கள், அதுவும் லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே கிளப்புக்கு 492 ஆட்டங்கள் தாங்க, மனசு மட்டும் போதாது. அவரை மைதானத்தில் எந்த இடத்தில், எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதிலும் 2011ல் நடந்த இடமாற்றம் இந்த வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கிறது.

முதலில் கணக்கு. லீட்ஸுக்காக 196 டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது), 157 கோல் (நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), 5 டிராப் கோல் (ஆட்டத்தின் நடுவிலேயே அப்படி உதைப்பது). டிரைக்கு 4, கோலுக்கு 2, டிராப் கோலுக்கு 1 என்று பெருக்கிக் கூட்டினால் 1,103 புள்ளிகள். கோல் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தார்: கேப்டன் கெவின் சின்ஃபீல்ட். அவர் உதைக்கும்போது வேறு யாருக்கும் உதைக்க வாய்ப்பு வராது. லீட்ஸுக்காக 3,967 புள்ளிகள் குவித்த ஆள். பர்ரோவின் பட்டியலில், முதல் பிரிவான சூப்பர் லீக்கின் எட்டுப் பட்டங்கள் (2004, 2007, 2008, 2009, 2011, 2012, 2015, 2017), இரண்டு சேலஞ்ச் கோப்பைகள் (2014, 2015), மூன்று உலக கிளப் சேலஞ்ச் வெற்றிகள் (2005, 2008, 2012).

பந்து மறுபடி உயிர்பெறும் இடம்

ரக்பி லீக் 13 பேர் ஆட்டம். 15 பேர் ஆடும் ரக்பி யூனியனிலிருந்து 1895ல், வடஇங்கிலாந்து கிளப்புகள் பிரிந்துபோனதில் பிறந்தது. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள், அதாவது ஆறு முறை பிடிபடும் வரை அவகாசம். அதற்குள் டிரை போடாவிட்டால் பந்து கைமாறும். அதனால் ஐந்தாவது டாக்கிளுக்குப் பிறகு பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் பந்துக்காரர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னோக்கி உருட்டிவிட வேண்டும். இதுதான் பிளே-தி-பால். பின்னால் குனிந்து அதை அள்ளுபவர் டம்மி ஹாஃப். வழக்கமாக அந்த வேலை 9ஆம் எண் ஹூக்கருடையது. எதிரணியில் இருவர் மட்டும் மார்க்கர்களாக நேர் எதிரே, ஒருவர் பின் ஒருவராக நிற்கலாம். மற்றவர்கள் எல்லோரும் 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும்.

இந்த 10 மீட்டர்தான் ஆட்டத்தின் சூட்சுமம். தடுப்பாளர் ஒருவரைக் கீழே தள்ளி, எழுந்து, 10 மீட்டர் பின்னால் ஓடி, திரும்பி, மறுபடி முன்னால் பாய வேண்டும். இதை ஒரு ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை செய்யும் நடுப்பகுதிக் கனத்த ஆட்களுக்கு இருபதாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். பிளே-தி-பால் வேகமாக முடிந்துவிட்டால் அவர்கள் இன்னும் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். பின்னோக்கி நடப்பவரால் பக்கவாட்டில் சட்டென்று நகர முடியாது.

அந்த ஒரு நொடியில் டம்மி ஹாஃப் முடிவெடுக்க வேண்டும்: கொடுப்பதா, உதைப்பதா, தானே ஓடுவதா? பார்க்க வேண்டியவை மூன்று. மார்க்கர் இருவரும் எழுந்து நேராக நிற்கிறார்களா, இல்லை ஒருவர் இன்னும் முழங்காலில் இருக்கிறாரா? பக்கத்திலேயே முதலாவதாக நிற்கும் தடுப்பாளர் யார், புதிதாக உள்ளே வந்தவரா, தொடக்கத்திலிருந்து ஆடிக் களைத்த ப்ராப்பா? அவர் முகம் நம் பக்கம் இருக்கிறதா, தன் கோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா? மூன்றில் இரண்டு சாதகமாக இருந்தால் ஓடலாம்.

தப்பாக ஓடினால் விலை அதிகம். மார்க்கர்கள் தயாராக இருக்கும்போது ஓடினால் ஒரு மீட்டரில் பிடிபடுவார். ஆறு டாக்கிளில் ஒன்று வீண். அதைவிட மோசம், அடுத்த பிளே-தி-பாலுக்கு அணியில் டம்மி ஹாஃப் இருக்க மாட்டார், அவர்தானே தரையில் கிடக்கிறார். பழக்கமில்லாத வேறொருவர் குனிந்து பந்தெடுத்துத் தாறுமாறாக எறிவார். இன்னொரு பொதுவான தவறு குறுக்கே ஓடுவது. நேராக முன்னேறாமல் பக்கவாட்டில் ஓடினால், வேகமெடுத்து ஓடிவந்துகொண்டிருக்கும் சொந்த ஆட்களே நின்றுவிட வேண்டியதாகும்.

இந்த வேலைக்குக் குள்ளம் எப்படி உதவுகிறது? பந்து தரையில் கிடக்கிறது. ஆறடி ஆள் அதை எடுத்து நிமிர்ந்து, பிறகு ஓடத் தொடங்க வேண்டும். பர்ரோ நிமிர வேண்டிய தூரமே குறைவு. முதல் எட்டை வைக்கும்போது ஏற்கெனவே தாழ்ந்திருப்பார். தோளுக்கு மேல் பிடித்தால் பெனால்டி என்பது விதி. அவருடைய தோள், ஒரு ப்ராப்பின் நெஞ்சுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே தடுப்பாளர் இடுப்பை மடக்கிக் குனிந்தே பிடிக்க வேண்டும். களைத்த உடம்பு கடைசியாகச் செய்ய விரும்பும் வேலை அதுதான். கபடியில் கோட்டருகே சோர்ந்து நிற்கும் பிடிப்பாளரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: ஓடுபவனின் வேகத்தில் பாதி, பிடிப்பவனின் களைப்பிலிருந்து வருகிறது.

முதல் பத்தாண்டு: ஏழாம் எண்

பிறந்தது 1982 செப்டம்பர் 26, யார்க்‌ஷயரின் பான்டிஃப்ராக்ட். பக்கத்து ஊர்களான ஃபெதர்ஸ்டோன், காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் எல்லாம் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. ரக்பி லீக்கின் நாற்றங்கால். பர்ரோ சிறுவயதில் ஆடியது ஃபெதர்ஸ்டோன் லயன்ஸ் அணிக்கு. அங்கிருந்து லீட்ஸ் இளையோர் அணி, 2001ல் ஹல் அணிக்கு எதிராக முதல் ஆட்டம், அதே ஆண்டு சூப்பர் லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது.

டோனி ஸ்மித் பயிற்சியாளராக வந்த 2004ல் லீட்ஸ், பிராட்ஃபோர்டை 16–8 என்று வென்று 32 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் எடுத்தது. 6ஆம் எண் டேனி மெக்குவையர், 7 பர்ரோ, 13 சின்ஃபீல்ட். காகிதத்தில் பார்த்தால் ஏழாம் எண் ஸ்க்ரம் ஹாஃப்தான் அணியின் மூளை: யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்துவது, ஐந்தாவது டாக்கிளில் உதைப்பது, ஆட்டத்தின் வேகத்தை ஏற்றி இறக்குவது. லீட்ஸில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கைச் சின்ஃபீல்ட் தூக்கிக்கொண்டார். 13ஆம் எண்ணில் நின்றுகொண்டே அணியை நடத்திய அவர் இருந்ததால்தான் பர்ரோவுக்கு ஓட விடுதலை கிடைத்தது. பர்ரோவை முழுநேர அமைப்பாளர் என்று சொல்வது சரியல்ல. ஏழாம் எண் சட்டைக்குள் இருந்தது ஒரு ஓட்டக்காரர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததற்கு இதுவே வித்து.

2007ல், சூப்பர் லீக் பட்டத்தை முடிவுசெய்யும் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் செயின்ட் ஹெலன்ஸை 33–6 என்று நொறுக்கியபோது ஆட்டநாயகனுக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பை பர்ரோவுக்கு. அதே ஆண்டு இறுதியில் நியூசிலாந்துக்கு எதிரான தொடரைக் கிரேட் பிரிட்டன் 3–0 என்று வென்றது. தொடரின் சிறந்த பிரிட்டிஷ் ஆட்டக்காரரும் அவர்தான். 2008, 2009 இரண்டிலும் மறுபடி செயின்ட் ஹெலன்ஸை வென்று, தொடர்ச்சியாக மூன்று சூப்பர் லீக் பட்டம் எடுத்த முதல் கிளப் ஆனது லீட்ஸ்.

2010 வறண்ட ஆண்டு. ஒரு கோப்பையும் இல்லை. பயிற்சியாளர் மாறினார்.

2011: பெஞ்சுக்கு

புதிதாக வந்த பிரையன் மெக்டெர்மட், மெக்குவையரையும் சின்ஃபீல்டையும் வைத்து அணியை நடத்தினார். ஹூக்கராகத் தொடங்கியவர் முன்னாள் ஆஸ்திரேலியக் கேப்டன் டேனி புடெரஸ். ஏழாம் எண் சட்டைக்காரர் பெஞ்சில். சூப்பர் லீக்கில் பருவம் முழுக்க ஒரே எண்தான். அதனால் சட்டையில் 7, செய்வது 9இன் வேலை, உட்காருவது மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் என்று மூன்றும் மூன்று திசையில் இருந்தன.

2011க்குள் அவர் வென்ற கிராண்ட் ஃபைனல்கள் நான்கு, 2007ல் அதன் ஆட்டநாயகனும் அவர்தான். நான்கு பட்டம் எடுத்த, நாட்டுக்காக ஆடிய ஒருவருக்கு பெஞ்ச் என்பது மரியாதைக் குறைவாகவே படும். எந்த விளையாட்டிலும் அப்படித்தான். ஆனால் ரக்பி லீக்கில் பெஞ்ச், கால்பந்து பெஞ்ச் மாதிரி இல்லை. நான்கு மாற்று ஆட்டக்காரர்களும் கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் இறங்குவார்கள்; வெளியே போனவர் திரும்பவும் வரலாம்; மாற்றங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு உண்டு.

இந்த வரம்புக்குள் எப்படிச் செலவழிப்பது என்பதுதான் பயிற்சியாளரின் கணக்கு. முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் இரு அணிகளின் முதல்தர ப்ராப்களும் மோதித் தள்ளும் நேரம். அப்போது பர்ரோவை டம்மி ஹாஃபில் நிறுத்தினால் எதிரே உள்ளவர்கள் புத்துணர்ச்சியோடு இருப்பார்கள். அவரது ஓட்டத்துக்குப் பாதி மதிப்புதான். புடெரஸ் போன்ற உறுதியான தடுப்பாளர் அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ள, களைப்பு தெரியத் தொடங்கும்போது பர்ரோவை இறக்குவது திட்டம். அதே வேகம், அதே கால்கள். மாறியது எதிரே நிற்பவரின் நுரையீரல்.

பிற்காலத்தில் சூப்பர் லீக் மாற்றங்களைக் குறைத்துக்கொண்டே வந்து 2019ல் எட்டாக்கியது. கனத்த ஆட்கள் அதிக நேரம் மைதானத்தில் நிற்க வேண்டிய நிலை. பர்ரோ வகை ஆட்டக்காரருக்கு இன்னும் தோதான விதி, அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்தது.

திட்டம் உடனே பலித்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2011 சேலஞ்ச் கோப்பை இறுதியில் விகனிடம் 28–18 என்று தோல்வி. லீக் அட்டவணையில் ஐந்தாம் இடம். அட்டவணையின் மேல்வரிசை அணிகள் பட்டத்துக்காக மோதும் பிளே-ஆஃபில் அப்போது 'கிளப் கால்' என்றொரு விசித்திர ஏற்பாடு இருந்தது: அரையிறுதியில் யாரோடு மோதுவது என்று மேலிடத்து அணியே தேர்ந்தெடுக்கலாம். முதலிடம் பிடித்த வாரிங்டன் லீட்ஸைத் தேர்ந்தெடுத்தது. லீட்ஸ் 26–24 என்று வென்றது. இப்படிப்பட்ட விதியை யார் கண்டுபிடித்தார்களோ, தோற்கும் அணியை இரண்டு மடங்கு அவமானப்படுத்துவதற்கென்றே செய்தது போலிருந்தது.

ஓல்ட் டிராஃபோர்ட், 2011 அக்டோபர் 8

எதிரணி, வழக்கம்போல் செயின்ட் ஹெலன்ஸ். பர்ரோ முதல் பாதியில் பெஞ்சிலிருந்து இறங்கினார். அதன் பிறகு வந்த அந்த டிரையை இன்றைக்கும் ஹூக்கர் பயிற்சிக்குப் போட்டுக் காட்டலாம்.

மைதானத்தின் நடுப்பகுதியில் ஒரு பிளே-தி-பால். பந்தை எடுத்தவர் ஓடினார். பிடிக்க நீண்ட கைக்கு அடியில் குனிந்து புகுந்தார். குனிந்தது என்றால் வேகத்தைக் குறைத்துக் குனிந்ததல்ல. ஓட்டத்திலேயே உடம்பு இன்னும் ஒரு அடி தாழ்ந்தது. கோட்டைத் தாண்டியதும் எதிரே கடைசி ஆள், ஃபுல்பேக் பால் வெல்லன்ஸ், சாதாரண ஆள் அல்ல. பர்ரோ அவரை நோக்கியே நேராக ஓடினார். பலர் இங்கேதான் தவறுவார்கள்: தூரத்திலேயே விலகி ஓட ஆரம்பித்தால் ஃபுல்பேக் கோணம் போட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிவிடுவார். நேராக வந்தால் அவரால் எந்தப் பக்கமும் சாய முடியாது, காலை ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றிய கணத்தில் பர்ரோ பக்கவாட்டில் ஒரு வெட்டு. டிரை.

இரண்டாம் பாதியில் செயின்ட் ஹெலன்ஸ் 16–8 என்று முந்தியது. பிறகு அவர்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. லீட்ஸ் அடுத்தடுத்து 24 புள்ளிகள் எடுத்து 32–16 என்று முடித்தது. ஐந்தாம் இடத்திலிருந்து பட்டம் வென்ற முதல் அணி. ஹாரி சண்டர்லேண்ட் கோப்பைக்கு வாக்களித்த 37 பேரும் பர்ரோ பெயரையே எழுதினார்கள். ஒரு வாக்குகூடச் சிதறாமல் அந்த விருது போனது அதுவே முதல் முறை.

எண்பது நிமிடமும் ஆடாத ஒருவர் 37க்கு 37 வாங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2007ல் முழுநேர ஸ்க்ரம் ஹாஃபாக அதே கோப்பை. 2011ல் பெஞ்சிலிருந்து வந்து அதே கோப்பை. இடைப்பட்ட நான்கு ஆண்டில் அவர் வேகம் கூடியிருக்க வழியில்லை. வேகத்தைச் செலவழிக்கும் இடமும் நேரமும் திருந்தியிருந்தன.

அடுத்த ஆண்டும் ஐந்தாம் இடம், அடுத்த ஆண்டும் பட்டம்: வாரிங்டனுக்கு எதிராக 26–18.

தடுப்பில் என்ன செய்வது?

இதுதான் பலர் எழுதாமல் விடும் பக்கம். பந்து எதிரணியிடம் இருக்கும்போது 70 கிலோ ஆளை எங்கே நிறுத்துவது? அவர் எங்கே நின்றாலும் எதிரணி தன் கனமான ஓட்டக்காரரை அங்கேதான் அனுப்பும். டிரை விழ வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. பத்து முறை மோதவிட்டால், பந்து கைமாறிய பிறகு அவருக்கு ஓடத் தெம்பிருக்காது என்ற கணக்கு.

ஸ்க்ரம் ஹாஃப் வழக்கமாக ஓரத்தில், ஒருபுறம் இரண்டாம் வரிசை ஃபார்வர்ட், மறுபுறம் சென்டர் என இருவருக்கு நடுவே நிற்பார். அங்கே மோதல் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஓடிவருபவருக்கு இடம் அதிகம். ஹூக்கர் நடுவில் நிற்பவர். மோதல் ஓயாது, ஆனால் இருபுறமும் கனத்த ஆட்கள் ஒட்டியே இருப்பார்கள். சிறிய ஆளுக்கு எது பாதுகாப்பு என்றால், விநோதமாக, சரியான துணை இருந்தால் நடுப்பகுதிதான் மேல். ஒருவர் நெஞ்சோடு அணைத்துப் பந்தை மடக்க, சிறியவர் தொடைக்குக் கீழே இரு கால்களையும் சேர்த்துக் கட்டிவிடலாம். கால் கட்டப்பட்ட 110 கிலோவும் விழத்தான் வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடம் தலை. கால்களைக் கட்டும்போது தலை, ஓடுபவரின் பின்பக்கம் ஒதுங்க வேண்டும். தலை முன்பக்கம் மாட்டினால் முழங்காலோ இடுப்போ நேரே மோதும். இளையோர் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதும், களைத்த பிறகு முதலில் மறந்துபோவதும் இதுவே. குறைந்த நிமிடங்கள் ஆடுவதன் இன்னொரு லாபம் இங்கே தெரியும்: களைத்த தடுப்பாளராகப் பர்ரோ நிற்க வேண்டிய நேரமும் குறைந்தது. 35 வயது வரை ஆட்டம் நீண்டதில் இதற்குப் பங்கு உண்டு என்பதே எங்கள் கணிப்பு.

நட்டமும் இருந்தது. பாதி ஆட்டத்தில் இறங்குபவரால் உதைகளின் மூலம் எதிரணியை மெல்ல மெல்ல மூலைக்குத் தள்ளும் நீண்ட திட்டத்தை நடத்த முடியாது. ஆட்டத்தை நடத்துபவர் என்ற பெயரும் கைவிட்டுப் போகும். லீட்ஸ் அந்த நட்டத்தைத் தாங்கியது, ஏனென்றால் நடத்த வேறு இருவர் இருந்தார்கள்.

கடைசிப் பருவங்கள்

சேலஞ்ச் கோப்பை லீட்ஸுக்கு நெடுநாள் எட்டாக்கனி. 2003, 2005, 2010, 2011, 2012 என்று ஐந்து இறுதிகளில் தோற்றது. 2014ல் காசில்ஃபோர்டை 23–10 என்று வென்று அந்தக் கணக்கைத் தீர்த்தது. 2015ல் மூன்றும் ஒன்றாக: கோப்பை இறுதியில் ஹல் கே.ஆர். அணிக்கு எதிராக 50–0, லீக் முதலிடம், கிராண்ட் ஃபைனலில் விகனுக்கு எதிராக 22–20. சின்ஃபீல்டும் ஜேமி பீகாக்கும் அத்தோடு விடைபெற்றார்கள். அந்த டிசம்பரில் வந்த வெள்ளம் கிளப்பின் கர்க்ஸ்டால் பயிற்சித் திடலை மூழ்கடித்தது. 2016ல் அணி ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்து, முதல் பிரிவில் நீடிக்கவே தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. 2017ல் காசில்ஃபோர்டை 24–6 என்று வென்ற கிராண்ட் ஃபைனலோடு பர்ரோ நிறுத்திக்கொண்டார். எட்டாவது பட்டம். பிறகு அதே கிளப்பில் இளையோருக்குப் பயிற்சி.

2019 டிசம்பரில் அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். குணமாக்கும் மருந்து இல்லை. ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2022ல் வெளியிட்ட ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் ரக்பி யூனியன் சர்வதேச ஆட்டக்காரர்கள் 412 பேரை எடுத்துக்கொண்டு, பொதுமக்களைவிட அவர்களுக்கு இந்நோய் ஆபத்து ஏறத்தாழ 15 மடங்கு என்றது. அது யூனியன், இது லீக். நோய்வந்தவர்களின் எண்ணிக்கையும் மிகச் சிறியது. அதை வைத்துத் தனியொருவரின் நோய்க்குக் காரணம் சொல்ல முடியாது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

2020 டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார், பர்ரோவின் சட்டை எண்ணுக்காக. இலக்கு 77,777 பவுண்டு. சேர்ந்தது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். 2023 மே மாதம் பர்ரோ பெயரிலான லீட்ஸ் மாரத்தானில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டுக்கு முன் தூக்கி, சுமந்தபடி கடந்தார். அந்த ஆண்டிலிருந்து கிராண்ட் ஃபைனல் ஆட்டநாயகனுக்குக் கொடுப்பது ராப் பர்ரோ விருது. 2024 ஜூன் 2 அன்று 41 வயதில் அவர் இறந்தார். மறுநாளே லீட்ஸில் அவர் பெயரிலான நோய்ச் சிகிச்சை மையத்துக்கு நிலம் தோண்டத் தொடங்கினார்கள்.

492 என்ற கணக்கில் சேராத ஓர் ஆட்டம் மீதி இருக்கிறது. நோய் தெரியவந்த அடுத்த மாதம், 2020 ஜனவரி 12, ஹெடிங்லி மைதானம், பிராட்ஃபோர்டுக்கு எதிராக, லீட்ஸ் சகா ஜேமி ஜோன்ஸ்-புக்கனனின் கௌரவ ஆட்டம். நுழைவுச் சீட்டு அத்தனையும் விற்றுத் தீர்ந்திருந்தது. பர்ரோ அன்றும் பெஞ்சில்தான். கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஏழாம் எண் சட்டையோடு இறங்கினார்.